ஒற்றை வெட்டுக் குப்பி

அக்கா,

நேற்று எஸ்தர் மச்சில் ஏறி ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ், "மருந்துக்குக் குப்பி கொண்டு வரணும் அம்மா, இங்க குப்பி கெடையாது" என்று சொல்லியிருந்தாள். அடுக்களையில் கிடந்த குப்பிகள் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அதனால்தான் பிள்ளையை மேலே ஏற்றினேன். உமிச் சாக்குக்குப் பின்னால் பழைய பாட்டுப் புத்தகங்களோடு கிடந்ததாம். பச்சைக் கண்ணாடி, தக்கை போட்டது. "நல்ல குப்பி அம்மா, எங்கயும் ஒடையல்லே" என்று பாவாடையில் துடைத்து என் கையில் தந்தாள்.

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஒட்டின காகிதம் அப்படியே இருந்தது. மஞ்சளித்து, ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தாலும் கஞ்சிப் பசை விடவில்லை. அந்தக் காகிதத்தில் ஒரே ஒரு வெட்டு. தக்கையைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தேன். பதின்மூன்று வருஷம் கழித்து என்ன மணம் இருக்கப்போகிறது? தூசி மணம்தான். ஆனால் நாக்குக்கு அடியில் அந்தக் கசப்பு வந்து நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, வயிறு நோவுதா?" என்று பிள்ளை பதறினாள். எனக்கு இது ஏழாம் மாதம். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களை மண்ணில் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறாளே, இவளுக்கு வெட்கமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். எனக்கு வெட்கமும் இருக்கிறது, உங்கள் மேல் கோபமும் இருக்கிறது. இரண்டும் ஆறவில்லை.

ஊரில் எல்லாருக்கும் நீங்கள் நர்சம்மா. எனக்கு மட்டும் அக்கா. எஸ்தரைப் பெற்ற அன்று வலி பொறுக்காமல் உங்கள் கையைக் கடித்துவிட்டேன். வலி அடங்கின பிறகு, "நர்சம்மா, மாப்பு தரணும்" என்று அழுதேன். "கடிச்சது கடிச்சாச்சு. இனி அக்கான்னு கூப்பிடு. கடிக்கதுக்கு ஒரு மொறை வேணும்லா?" என்றீர்கள். அந்தப் பல் தடம் உங்கள் மணிக்கட்டில் கடைசிவரை இருந்தது.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது வெள்ளப்பெருக்கு வந்து போனதற்கு மறு வருஷம் அது. பிள்ளை பிறந்து பதினைந்து நாளில் எனக்கு உறக்கம் போயிற்று. பிள்ளை அழுவதால்தான் என்று நினைத்தோம். பிள்ளை உறங்கியபோதும் நான் விழித்துக் கிடந்தேன். பிறகு சத்தம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பேசுகிற மாதிரி. சோற்றில் விஷம் என்றது. குடிக்கிற வெள்ளத்தில் விஷம் என்றது. நான் சோறும் தின்னவில்லை, வெள்ளமும் குடிக்கவில்லை. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கூடம் நிறைந்த பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவர், என்னை என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தில் நின்று அழுதார். சபையார் கூட்டமாக வந்து ஜெபம் பண்ணினார்கள். ஒருத்தி என் காதில் விழும்படியாகவே, "வாத்தியாருக்க பெண்டாட்டிக்கு வட்டுல்லா பிடிச்சிருக்கு, முழுப் பைத்தியம்" என்றாள்.

நீங்கள்தான் எல்லாரையும் வெளியே போகச் சொன்னீர்கள். "பெத்த ஒடம்புக்கு வாற தீனம் இது. பேயும் இல்லே, பாவமும் இல்லே. எல்லாரும் போங்க, வீட்டுல சோறு வைக்காண்டாமா?" என்று கதவைச் சாத்தினீர்கள். என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டு வந்த குப்பியை நீட்டினீர்கள். உப்பும் கசப்புமான உறக்க மருந்து. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"விஷம்னு சொல்லுதா? சரி, இரு" என்று நீங்கள் தக்கையைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தீர்கள். முகத்தைக் கோணலாக்கி, "ஐயோ கர்த்தாவே, இதக் குடிச்சா வட்டு இல்லாதவளுக்கும் வந்துருமே!" என்றீர்கள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்தபடியே குப்பியை வாங்கிக் குடித்தேன்.

அதுவே நம் வழக்கமாயிற்று. குப்பியில் ஒட்டுவதற்கு முன் காகிதத்தின் ஓரத்தைக் கத்திரியால் வெட்டு வெட்டாக வெட்டுவீர்கள். ஒரு வெட்டு ஒரு நேர மருந்து. எழுத்துத் தெரியாதவர்களும் வெட்டுக்கு வெட்டு அளந்து குடித்துவிடலாம். ஊருக்கெல்லாம் ஆறு வெட்டு என்றால் என் குப்பிக்கு ஏழு. மேல் வெட்டு உங்களுடையது. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அந்த மேல் வெட்டு மருந்தை நீங்கள் குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டுவீர்கள். கணவரைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் சத்தம் என்னென்னவோ சொல்லிற்று. உங்களைப் பற்றி மட்டும் அதற்கு ஒன்றும் சொல்ல வாயில்லை.

குடித்து முடித்ததும் கேட்பீர்கள். "இன்னிக்கு அது என்ன சொல்லிச்சு? உள்ளதச் சொல்லு மக்கா. எனக்கிட்ட உள்ளதச் சொன்னா ஒனக்கு ஒண்ணும் வராது."

ஒனக்கு ஒண்ணும் வராது. இந்த மூன்று வார்த்தையை நீங்கள் சொன்னீர்களா இல்லையா? நான் கற்பனை பண்ணவில்லையே? ஆஸ்பத்திரியில் எத்தனையோ நாள் இதே சந்தேகத்தில் கிடந்திருக்கிறேன். சத்தம் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் பிரித்து வைக்க முடியாமல் தவித்திருக்கிறேன். இல்லை, நீங்கள் சொன்னதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை உள்ளதைச் சொன்னேன். "பிள்ளையக் கொண்டு ஆத்துல விடச் சொல்லுது அக்கா. ஆறு அவள நல்லா பாத்துக்கிடுமாம்."

நீங்கள் என் மடியில் கிடந்த எஸ்தரின் காலைப் பிடித்துக்கொண்டீர்கள். "அதுக்கு நீ என்ன சொன்ன?" என்றீர்கள்.

"மாட்டேன்னு சொன்னேன். அது விடமாட்டேங்கு."

"எனக்கிட்ட சொன்னியே, நல்லதாச்சு" என்று என் தலையைத் தடவினீர்கள். எழுந்தபோது பிள்ளையையும் எடுத்துக்கொண்டீர்கள். கொஞ்சம் வெயில் காட்டிவிட்டு வருகிறேன் என்றீர்கள். அதற்குப் பிறகு பால் குடிக்க மட்டும்தான் அவளைக் கொண்டு வந்தீர்கள். குடித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள். எனக்கு ஒரு சந்தேகமும் தோன்றவில்லை. அக்கா கையில்தானே இருக்கிறாள் என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வந்தீர்கள். வெள்ளைச் சேலை, கையில் வேத புஸ்தகம், அதோடு இந்தப் பச்சைக் குப்பி. என் பழைய குப்பி இல்லை. "புது மருந்து. ஒரு நேரத்துக்குத்தான்" என்றீர்கள். காகிதத்தில் ஒற்றை வெட்டு. மேல் வெட்டு இல்லை. நீங்கள் குடிக்கவும் இல்லை. ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் குப்பியை நீட்டினீர்கள். உங்களுக்குப் பல் வலி போலிருக்கிறது, அதனால்தான் குடிக்கவில்லை என்று நினைத்தேன். பாவம் அக்கா, பல் வலியோடு எனக்காக வந்திருக்கிறாளே என்று மனம் இளகினேன். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

கண் விழித்தபோது வண்டி ஆடிக்கொண்டிருந்தது. என் தலை உங்கள் மடியில். கண்டறியாத ஏதோ ஊர் வழி, வெயில் சாய்ந்திருந்தது. பால் கட்டி, சட்டை நனைந்து வயிறுவரை வழிந்திருந்தது. "பிள்ளை எங்க?" என்றேன். நாக்கு புரளவில்லை. முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் என் கணவர் இருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் என் முகத்தைத் துடைத்து, "ஆஸ்பத்திரிக்கு மக்கா. பத்து நாள். பத்தே நாள்" என்றீர்கள். உங்கள் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குக் கை எழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பெண்கள் என்னைப் பிடித்து இறக்கினார்கள். "அக்கா, அக்கா" என்று கத்தினேன். கணவரைக் கூப்பிடவில்லை, கர்த்தரைக்கூடக் கூப்பிடவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

அந்த ஊரின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. பொய் சொல்லக் கூடாது, அங்கே என்னை யாரும் அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. தலைமுடியை வளர வளர ஒட்ட வெட்டினார்கள். பால் வற்ற மார்பை இறுக்கித் துணி சுற்றினார்கள். மருந்து தந்தார்கள். நாலு மாதத்தில் சத்தம் குறைந்தது, அதுவும் உள்ளதுதான். ஆனால் ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது என்ன மருந்து என்றால், "குடி" என்றார்கள். எப்போது வீட்டுக்கு என்றால், "பார்க்கலாம்" என்றார்கள். பத்தாம் நாள் காலையில் குளித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்து நின்றேன். பத்து நாள் என்று அக்கா சொன்னாளே! பொழுது சாயும்வரை நின்றேன். பதினோராம் நாளும் நின்றேன். எத்தனையாவது நாள் நிற்பதை விட்டேன் என்று நினைவில்லை.

பக்கத்துப் படுக்கையில் குளச்சல் பக்கத்துக்காரி ஒருத்தி இருந்தாள். மீன் விற்றுத் திரிந்தவள். டாக்டர் வந்து, சத்தம் கேட்கிறதா, உறக்கம் உண்டா என்று கேட்கும்போது நான் உள்ளதைச் சொல்லுவேன். "நேத்து கொஞ்சம் கேட்டுது. பிள்ளைய நெனச்சு உறங்கல்லே" என்பேன். அவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். நாலு மாதம் இப்படி நடந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் குளச்சல்காரி ஒருநாள் என்னை உலுக்கினாள்.

"ஏட்டி, நீ பொட்டியா, புத்தி இல்லியா? தெனமும் அவருட்ட என்ன கதை சொல்லுத? இங்க உள்ளதச் சொன்னவ ஒருத்தியாவது வீட்டுக்குப் போனாளா? நான் ஆறு வருஷமா சொல்லிட்டுக் கெடக்கேன், கண்டியா? அழாண்டாம். சிரிக்காண்டாம். கேட்டா சொகம்னு சொல்லு. அவ்வளவுதான்."

"பின்ன நீங்க ஏன் சொகம்னு சொல்லல்லே?" என்றேன்.

"எனக்குப் போவதுக்கு வீடு எங்க இருக்கு பிள்ளே?" என்று அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து சுகம் என்றேன். சத்தம் கேட்டபோதும் சுகம். உறக்கம் இல்லாதபோதும் சுகம். எஸ்தருக்கு இன்று பல் முளைத்திருக்குமோ என்று நெஞ்சு வெடித்த நாளிலும், முகத்தைத் துடைத்துக்கொண்டு சுகம் என்றேன். பதினோராம் மாதம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகித்தான் வந்தேன், பாதிக்கு மேல் குணமாகித்தான் வந்தேன். ஆனால் வரும்போது அந்த ஒரு சொல்லையும் கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நீங்கள் நின்றீர்கள், இடுப்பில் எஸ்தர். பசும்பால் காய்ச்சி ஊற்றி டிஸ்பென்சரிப் பெஞ்சில் கிடத்தி நீங்கள் வளர்த்த பிள்ளை. நான் கையை நீட்டினேன். மொட்டைத் தலையில் முடி அரைவிரல் அளவு வளர்ந்திருந்த என்னைப் பார்த்து அவள் அலறினாள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். "அம்மைல்லா மக்களே, போ" என்று நீங்கள் அவளைப் பிய்த்துத் தரப் பார்த்தீர்கள். பிள்ளையும் போயிற்று, நீங்களும் போனீர்கள் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. பிள்ளை ஒரு மாதத்தில் என்னிடம் வந்துவிட்டாள். நான்தான் உங்களிடம் திரும்பி வரவில்லை.

வாரா வாரம் மறுபடியும் குப்பி வந்தது. ஏழு வெட்டு. என் கண் முன்னால் மேல் வெட்டைக் குடித்துக் காட்டி நீட்டினீர்கள். நான் வாங்கி வாயில் ஊற்றி, அடக்கிக்கொண்டு, பேசாமல் தலையை ஆட்டுவேன். நீங்கள் படலைத் தாண்டினதும் புறவாசலுக்குப் போய் வாழைமூட்டில் துப்புவேன். மிச்சத்தையும் அங்கேயே ஊற்றுவேன். "எப்பிடி இருக்க மக்கா? உள்ளதச் சொல்லு" என்று கேட்பீர்கள். "நல்லா இருக்கேன் அக்கா." "உறக்கம் உண்டா?" "உண்டும்." சிரிக்காமல், அழாமல் சொல்லுவேன். குளச்சல்காரி கேட்டிருந்தால் மெச்சியிருப்பாள்.

நீங்கள் செய்தது தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! எஸ்தர் இன்று எனக்குத் தோள் உயரம். உங்கள் கைப்பழக்கம் அவளுக்கும் வந்திருக்கிறது, பேசும்போது கன்னத்தைத் தாங்கிக்கொள்கிறாள். அன்று நீங்கள் வெயில் காட்ட என்று அவளைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால், அந்த வண்டி வராமல் இருந்திருந்தால், இவள் இருந்திருப்பாளா? எனக்குத் தெரியாது. அதை நினைக்கும்போது உங்கள் காலில் விழத் தோன்றுகிறது. குப்பியை நினைக்கும்போது உங்கள் மணிக்கட்டை இன்னொரு தடவை கடிக்கத் தோன்றுகிறது. இரண்டையும் செய்யாமல் பன்னிரண்டு வருஷம் நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு உங்களுக்குக் காலில் நீர் கோத்தது. டிஸ்பென்சரிக்குப் பின்னால் உங்கள் அறையில் படுத்துவிட்டீர்கள். என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினீர்கள். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். இத்தனை வருஷம் தங்காத கரு இந்தத் தடவை தங்கிவிட்டதே என்று ஊர் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் தைலக் குப்பியோடு வந்து உங்கள் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்.

"ஏட்டி, உனக்க பொறவாசல் வாழைக்கு இப்பம் நல்ல உறக்கம் உண்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எத்தன வருஷமா எனக்க மருந்து குடிச்ச வாழை! அதுக்கு இனி வட்டே வராது, பாத்துக்கோ" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"தெரிஞ்சா ஏன் அக்கா கேக்கல்லே?"

"கேட்டா நீ குப்பி வாங்கதையும் நிறுத்திருப்பே. அந்தச் சாக்குலயாவது உனக்க மொகத்தப் பாக்கலாம்னு விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னீர்கள். "அன்னிக்கு நான் மேல் வெட்டு வெட்டல்லே. கத்திரி கையில இருந்துது, வெட்ட மனசு வரல்லே. கள்ளமாட்டு ஒரு வாய் குடிச்சுக் காட்டவும் மனசு வரல்லே. நீ கேப்பன்னு நெனச்சேன். ஏன் அக்கா குடிக்கல்லேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். நீ கேக்கல்லே. வாங்கிக் குடிச்சிட்டே."

"நம்பினவ எதுக்கு அக்கா கேப்பா?"

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வெளியே மருந்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் முதுகு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு, "கொஞ்சம் வெள்ளம் தா" என்றீர்கள். செம்பில் ஊற்றித் தந்தேன். என்ன ஏது என்று பார்க்காமல், வட்டுக்காரி கை வெள்ளத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள். செம்பைத் தரும்போது என் கையை விடவில்லை.

"இந்தத் தடவ எப்பிடி இருக்கு? சத்தம் உண்டுமா? எனக்குக் காலம் இல்லே மக்கா. உள்ளதச் சொல்லு."

அக்கா, அதற்கு ஒன்பது நாள் முன்பே அது வந்துவிட்டது. தண்ணீர் கோரும்போது பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வேறு ஒன்றும் சொல்லவில்லை, பெயர் மட்டும். எனக்கு உயிர் போய்த் திரும்பியிருந்தது. நீங்கள் ஆள் அனுப்பினதும் அதைச் சொல்லத்தான் உங்களிடம் ஓடி வந்திருந்தேன். தைலமும் கால் பிடிப்பதும் ஒரு சாக்கு. நீங்கள் கேட்டும்விட்டீர்கள். என் வாய் திறந்தது.

"நல்லா இருக்கேன் அக்கா. உறக்கம் உண்டும்" என்றேன்.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "அப்பம் சரி" என்று கையை விட்டீர்கள். நாலாம் நாள் கோயில் மணி அடித்தது. கல்லறையில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். "எப்பிடிப் பாத்துக்கிட்டாவ இவள!" என்று ஒருத்தி என்னைக் காட்டி அழுதாள்.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அது பெயரோடு நிற்கவில்லை. நேற்று முன்தினம் சோற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. நான் ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். துணி துவைக்க எஸ்தரைத்தான் அனுப்புகிறேன். கர்ப்பிணி என்பதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் அவள் கேட்டாள். "அம்மா, பொறவாசல்ல நீங்க யாருட்ட பேசுதிய?" என்றாள். "ஜெபம் பண்ணினேன்" என்றேன். "கண்ணத் தொறந்துக்கிட்டா?" என்றாள். அவள் முகத்தில் பயம் வந்துவிட்டது அக்கா. அந்தப் பயத்தை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அவள் உங்கள் இடுப்பில் இருந்தபோது.

இன்னும் இரண்டு மாதத்தில் ஒரு பிள்ளை வரும். பெற்ற பிறகு நாற்பது நாளும் குழந்தையும் நானும் அந்தச் சத்தமுமாக ஒரு வீட்டில் இருப்போம். அப்போது வெயில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போக யார் இருக்கிறார்கள்? நீங்கள் போய்விட்டீர்கள். என் கணவரிடம் சொல்லலாம், நல்ல மனிதர்தான். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய் வண்டி பேசுவார். மறுபடியும் முடி, மறுபடியும் துணி, மறுபடியும் பார்க்கலாம். ஐயோ, என்னால் முடியாது. சொல்லாமலும் முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் நிற்கிறது. யாரிடம் போவேன்?

போன செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரிக்குப் போனேன். புது நர்ஸ் வடசேரிக்காரி, சின்னப் பெண். உங்கள் மேஜையில், உங்கள் கத்திரியால் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். சத்து மருந்து தருகிறேன் என்றாள். "ஒரு வாய் நீங்க குடிச்சிட்டுத் தருவியளா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். "எனக்கு எதுக்கு அம்மா சத்து மருந்து? மாசமா இருக்கது நீங்கதானே!" என்றாள். நல்ல சிரிப்பு, கள்ளமில்லாதது. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "உறக்கம் உண்டா?" என்று கேட்டாள். பேனாவைப் பார்த்தேன். உண்டு என்றேன். குப்பி கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அந்தக் குப்பிதான் இப்போது என் முன்னால் இருக்கிறது. கழுவி வெயிலில் கவிழ்த்து எடுத்தேன். காகிதத்தைச் சுரண்டவில்லை. எஸ்தரின் தையல் கத்திரியை வாங்கி, நீங்கள் வெட்டாமல் விட்ட இடத்தில், ஒற்றை வெட்டுக்கு மேலே, அதன் முனையால் நானே இன்னொரு வெட்டுக் கீறினேன். காகிதம் பொடிந்து கொஞ்சம் உதிர்ந்தது. ஆனாலும் வெட்டு தெரிகிறது.

என் வாய் பழகிவிட்டது அக்கா. கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் வரும், நாளைக்கும் அதுதான் வரும். கை இன்னும் பொய்க்குப் பழகவில்லை. நாளைக் காலையில் இந்தக் கடிதத்தைக் குப்பியைச் சுற்றி நூலால் கட்டி, அவள் மேஜையில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் போகிறேன். உங்களுக்கு எழுதினதை அவள் வாசிக்கட்டும். இரண்டாவது வெட்டு யாருக்கு என்பது அதில் இருக்கிறது. சத்தம் என்ன சொல்கிறது என்பதும் இருக்கிறது. வாசிக்கும்வரை ஓடிப்போகாமல் இருக்க என் கால்கள் சம்மதிக்க வேண்டும்.

வாசித்துவிட்டு அவளும் வண்டி கட்டத்தான் வேண்டும் என்றால் கட்டட்டும். என்னிடம் சொல்லிவிட்டுக் கட்டட்டும்.